இடம், வலம்

கடலூர் முதுநகரில்
ஐஸ் கம்பெனிக்குப் பின்சந்து,
மாடியில் பத்துக்குப் பத்து.
பெயர்ப்பலகை கிடையாது.
சவுண்டு அக்கா வீடு எது என்று கேட்டு வருவார்கள்.

முட்டை அட்டை ஒட்டியது முதல் வருஷத்து அறியாமை.
இப்போது மைக்குக்குப் பின்னால்
என் சீர்வரிசை மெத்தை எழுந்து நிற்கிறது.
ரெக்கார்டிங் என்றால் ஃபேன் கூடாது.
சித்திரை மாசத்தில் பாடுகிறவன் வேர்வை சொட்டுவதுகூட
திரையில் ஒரு நெளிவாகத் தெரியும்.
கம்பெனி மோட்டார் நாற்பது நிமிஷம் ஓடும்,
பதினைந்து நிமிஷம் ஓயும்.
இந்த ஊரில் நான் சேர்த்த சொத்து
அந்தப் பதினைந்து நிமிஷம்தான்.

செவ்வாய்க்கிழமை கலியமூர்த்தி வந்தார்.
"தீமிதிக்கு ஒரு பாட்டு, துரோபதை அம்மனுக்கு.
தம்பியும் பாடுவான்.
ஆனா நான் இருக்கும்போது
அவன் இந்தப் படி ஏறக் கூடாது."

வியாழக்கிழமை சகாதேவன் வந்தார்.
"அண்ணன் உட்கார்ந்த நாற்காலியா இது?"
நின்றுகொண்டே பாடினார்.

மூன்றேகால் சென்ட் இடம்.
மஞ்சக்குப்பம் கோர்ட்டில் ஒன்பது வருஷம்.
பாட்டும் பங்காளிச் சண்டைதான்:
சூதாட்டம், விரித்த கூந்தல், பதினெட்டாம் நாள்.
இரண்டு பேருமே பாண்டவர் பக்கம்.

பிள்ளைகள் தூங்கிய பிறகு ஹெட்போனுக்குள் போனேன்.
அண்ணனை இடப்பக்க ஓரம்,
தம்பியை வலப்பக்க ஓரம் தள்ளினேன்.
நடுவில் பம்பையும் உடுக்கையும் வேலி.
எந்த சர்வேயரும்
இவ்வளவு சுத்தமாக அளந்திருக்க மாட்டார்.

"அவன் குரல் கொஞ்சம் தூக்கலா இருக்குதே" என்றார் அண்ணன்.
"அவருக்கு மட்டும் எக்கோ ஜாஸ்தியா?" என்றார் தம்பி.
எதையும் தொடாமல்
அதே பாட்டைத் திரும்ப அனுப்பினேன்.
"இப்ப சரி" என்றார்கள், தனித்தனியாக.
பணமும் ஆளுக்குப் பாதி.
தம்பி இன்னும் இருநூற்றைம்பது பாக்கி.

மூச்சை வெட்டுவது என் தொழிலில் பாதி.
எல்லோருக்கும் பாட்டு வேண்டும்,
பாடுகிற ஆள் உயிரோடிருக்கிற சத்தம் வேண்டாம்.
கட்சிப் பாட்டில் வெட்டியிருக்கிறேன்,
மாதா கோயில் கோரஸில் வெட்டியிருக்கிறேன்,
ஆஸ்துமாக்காரர் ஒருவர் பேத்திக்குப் பாடிய தாலாட்டில்
இருநூற்றுப் பதினொன்று.

மூன்றாம் சரணத்தில் கை நின்றது.
'கூந்தல் முடிப்பேன்' என்று ஒரு வரி.
'கூந்தல் முடி' என்று நிறுத்தி
அண்ணன் மூச்சு வாங்குகிறார்.
தப்பான இடம். தாளம் வழுக்கும்,
பாடத் தெரிந்தவன் அங்கே வாங்க மாட்டான்.
கோட்டை நகர்த்தித் தம்பியைப் பார்த்தேன்.
'கூந்தல் முடி'
அதே தப்பு.
செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில்
மயிரிழை நுழைய இடமில்லை.
இரண்டு மூக்கு, ஒரே இழுப்பு.

வெட்டவில்லை.
ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.
இரண்டு புள்ளி ஏற்றியும் வைத்தேன்.

தீமிதி அன்று சாயங்காலம்
மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போனேன்.
உப்பனாற்றுக் காற்றில் கருவாட்டு வாசனையோடு
எங்கள் பாட்டும் வந்தது.
கோயிலில் கட்டியிருந்தது குழாய் ஸ்பீக்கர்.
அதற்கு ஒரே வாய்,
இடமும் கிடையாது, வலமும் கிடையாது.
நான் போட்ட வேலியைப் பிடுங்கி எறிந்துவிட்டு
ஒரே ஆள் பாடுவதுபோல் பாடியது.
கலியமூர்த்தி எது, சகாதேவன் எது,
எனக்கே பிரியவில்லை.

முதல் சரணம். இரண்டாவது.
பாதி மடித்த பாவாடையோடு நின்றுகொண்டிருந்தேன்.
மூன்றாவதில் அந்த இடம் வரும்போது
ஐஸ் கம்பெனிக்காரன்
மோட்டார் போட்டுவிட்டான்.